கிணற்று நீர் ஒப்பந்தம்: டெலிவரிக்கு என்ன சொல்?

வணக்கம். ஓசூர்ப் பக்கம் கிணறு வைத்திருப்பவர்களுக்கும் அங்குள்ள ஓர் ஆலைக்குமான நீர் ஒப்பந்தத்தைத் தமிழாக்குகிறேன், திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். சப்ளை, டெலிவரி இரண்டையுமே நாம் 'வழங்கல்' என்றுதான் எழுதுகிறோம். ஆனால் கிணற்றில் இறைத்தது வேறு, ஆலைத் தொட்டிக்கு முன்னால் மீட்டரைத் தாண்டியது வேறு. நடுவில் குழாய் கசிந்தால் அது யார் கணக்கு என்பதே இந்தச் சொல்லில் இருக்கிறது. 'ஒப்படைப்பு' சரியா?
(அல்சூர்)

அம்மா, ஓடுகிற நீரை எப்படி ஒப்படைப்பது? 'வழங்கு' என்பதற்குப் பழைய பொருளே இயங்குதல், நடமாடுதல். வழங்காத வழி என்றால் ஆள் நடமாட்டமில்லாத வழி. 11ஆம் குறளில் மழையால் உலகம் 'வழங்கி' வருவதும் இப்படித்தான். கொடுத்தலும் அதே சொல்தான். 'வழங்குநீர்' என்று வினைத்தொகையாக வையுங்கள்.
(ஜெயநகர்)

வினைத்தொகைதான் ஆபத்து ஐயா. வழங்கிய நீரா, வழங்கப்போகும் நீரா? பில் போடுகிற விதியில் முக்காலமும் அடங்கக் கூடாது. எங்கள் குடியிருப்பில் போர்வெல் மீட்டரைப் பார்த்துக்கொள்பவன் நான். நீர்மட்டம் இறங்கினால் மோட்டார் காற்றையும் சேர்த்துத் தள்ளும், டர்பைன் மீட்டர் காற்றுக்கும் சுற்றும். 2024 கோடையில் பெங்களூரு மாவட்ட நிர்வாகம் 5 கி.மீ.க்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று விலை கட்டியது, ஆனால் அது டேங்கரின் கொள்ளளவுக்கு. தொட்டியில் எவ்வளவு இறங்கியது என்பதை நாம்தான் நின்று பார்க்க வேண்டியிருந்தது. 'வந்து சேர்ந்த நீர்' என்று எழுதுங்கள், கிணற்றுக்காரருக்குப் புரியும்.
(ஒயிட்ஃபீல்டு)

கிணற்றில் ஊறிச் சேர்வதையும் சேர்ந்த நீர் என்றுதானே சொல்வோம்? ஒப்படைப்பே இருக்கட்டும், பொறுப்பு கைமாறுவது அதில்தான் தெரிகிறது. அப்புறம் மீட்டரை 'மானி' ஆக்க வேண்டாம், அதுவும் வடமொழி வேர்தான். தூய தமிழ் வேண்டுமென்றால் 'அளவி'.
(மல்லேஸ்வரம்)

சரி, நேரமில்லை. மல்லேஸ்வரம் சொன்னபடி ஒப்படைப்பையே வைக்கிறேன்: ஒப்படைப்பு முனை, ஒப்படைத்த நீர். மீட்டர் மீட்டராகவே இருக்கும், அதைப் படிப்பவர் வேறு சொல் கேட்டதில்லை. மாத அறிக்கையில் முந்தைய ரீடிங், இந்த மாத ரீடிங், வித்தியாசம் கன மீட்டரில், கூடவே மீட்டர் முகப்பின் படம்.
(அல்சூர்)

எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஒப்படைக்க வேண்டுமானால் வாங்குபவரும் கை நீட்ட வேண்டும். ஆலைக்காரர் வால்வை மூடிவைத்த நாளில், கிணற்றுக்காரர் இறைக்கத் தயாராக இருந்தும் எடுக்காமல் போன நீருக்கு என்ன சொல்? அதற்கும் பணம் உண்டு என்று ஒப்பந்தம் சொன்னால் அறிக்கையில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?
(ஜெயநகர்)