சரக்கு ரயில் கார்டு என்ன உடுத்தியிருந்தார்? ஜப்பானிய மாதிரி ரயிலுக்கான தேடலில் கிடைத்த சந்திப்புகள்

ஜப்பானிய ரயில்களைச் சிறிய அளவில் செய்த மாதிரிகளைச் சேகரிப்பவர்களுக்கு எஞ்சினும் வேகனும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆட்கள்தான் கிடைப்பதில்லை. கடைகளில் பயணிகள், நிலைய ஊழியர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று பொம்மைகள் வரிசையாக இருக்கும். சரக்கு ரயிலை இரவெல்லாம் ஓட்டிச் சென்றவர்களையும், அதன் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போனவர்களையும் அங்கே காண்பது அரிது. நான் அமைத்துவருவது 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோ: ஒற்றை வழித்தடம், டி51 நீராவி எஞ்சின், நிலக்கரி வேகன்கள், வாலில் கார்டு பயணிக்கும் பெட்டியான யோ 3500 வகை பிரேக் வேன். அந்த வேனில் நிற்க வேண்டிய கார்டுக்கு என்ன உடை என்று தேடப் போய்த்தான் இந்தச் சந்திப்புகள் அமைந்தன.

பழைய புகைப்படங்களில் தொடங்கினேன். அந்தக் கால ரயில் ரசிகர்கள் எஞ்சினைத்தான் படமெடுத்தார்கள். மனிதர்கள் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பார்கள். ஆட்கள் தெளிவாகத் தெரியும் படங்களில் பெரும்பாலானவை வழியனுப்பு நாள்களில் எடுத்தவை. தேசிய ரயில்வேயின் கடைசி நீராவிப் பயணிகள் ரயில் 1975 டிசம்பர் 14 அன்று ஓடியது. அதை இழுத்த சி57 135 இன்று ஓமியா ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கடைசி நீராவிச் சரக்கு ரயில் டிசம்பர் 24 அன்று ஓடியது. இப்படிப்பட்ட நாள்களில் எவரும் துவைத்துத் தேய்த்த உடையில்தான் வருவார்கள். அந்தப் படங்களை மட்டும் நம்பினால் நம் பொம்மைகள் எல்லாம் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர்கள் போல் ஆகிவிடும்.

தெளிவு பிறந்தது ஒரு பூங்காவில். ஜப்பானில் எத்தனையோ ஊர்ப் பூங்காக்களில் பழைய நீராவி எஞ்சின்களை நிறுத்தியிருக்கிறார்கள். பல இடங்களில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களே வந்து துடைத்து எண்ணெய் பூசிப் பராமரிக்கிறார்கள். அப்படி ஒரு டி51 அருகே எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கையில் துணியோடு நின்றிருந்தார். சரக்கு ரயில்களில் வேலை பார்த்தவர் என்று பேச்சில் தெரிந்தது. என் கேள்வியைக் கேட்டேன். பதில் வரவில்லை, மூன்று கேள்விகள் திரும்பி வந்தன. எந்த மாதம்? பகலா, இரவா? அந்த ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார்?

சீருடை என்று ஒன்றை மனத்தில் வைத்துப் போயிருந்த எனக்கு அந்த மூன்று கேள்விகளே பாடம். கோடை உடையும் குளிர்கால உடையும் வேறு. ஹொக்கைடோவின் சனவரியில் கனத்த மேலங்கி எல்லாவற்றையும் மறைத்துவிடும். உள்ளே என்ன சட்டை என்ற ஆராய்ச்சி வீண். பகலில் கையில் கொடி, இரவில் கைவிளக்கு.

எஞ்சினில் இருப்பவர்களுக்கு நப்பாஃபுக்கு எனப்படும் வெளிறிய நீலப்பச்சை வேலையுடை. ஓட்டுநருக்கும், அடுப்புக்குக் கரி போடும் ஃபயர்மேனுக்கும் ஒன்றேதான். ஆனால் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு இருவரையும் தூரத்திலிருந்தே பிரித்துவிடலாம் என்றார். ஃபயர்மேனின் முன்கையும் கழுத்துத் துண்டும் கரியேறி இருக்கும். தொப்பியின் தாடைப்பட்டை பற்றியும் சொன்னார்: சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்க்கும் வேலை, பட்டையைத் தாடைக்குக் கீழே இறக்காவிட்டால் தொப்பி காற்றோடு போய்விடும். பட்டை மேலே இருந்தால் அந்த ஆள் ஓய்வில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாமாம்.

பிறகு அவராகவே துணியைக் கீழே வைத்துவிட்டு, சிக்னலைச் சுட்டிக்காட்டி உரக்கச் சொல்லும் முறையைச் செய்துகாட்டினார். கை தோளிலிருந்து விரல்நுனிவரை ஒரே கோடு. முழங்கை மடங்கவே இல்லை. பணியில் இருக்கும் ஜப்பானிய ரயில்காரரை வேறு எவரிடமிருந்தும் பிரித்துக் காட்டுவது அந்தக் கைதான். எந்தப் பொத்தானும் அதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

அளவைக் கணக்கிட்டால் இது விளங்கும். ஜப்பானிய ‘N’ அளவு 1:150, அதாவது நிஜத்தில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. 165 சென்டிமீட்டர் ஆள் அதில் 11 மில்லிமீட்டர்தான். தேசிய ரயில்வேயின் பொத்தானில் எஞ்சின் சக்கரமும் பவுலோனியா மரத்தின் இலையும் பூவும் சேர்ந்த சின்னம் உண்டு. பார்க்க அத்தனை அழகு, ஆனால் 11 மில்லிமீட்டரில் அதற்கு இடமில்லை. தெரிவது மூன்றே: தொப்பியின் வடிவம், உடையின் நிறம், உடல் நிற்கும் விதம். 1:80 அளவில் அமைப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஐரோப்பிய 1:87 பொம்மைகளில் 175 சென்டிமீட்டர் ஆளாகச் செய்யப்பட்டவர் 1:80 அளவில் 161 சென்டிமீட்டர் ஆகிறார். அந்தக் காலத்து ஜப்பானியத் தொழிலாளிக்கு அது பொருந்தும். தலையை மட்டும் மாற்றுங்கள். ஜெர்மானியத் தொப்பியின் உயர்ந்த முன்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹொக்கைடோவின் சோயா வழித்தடத்துக்குப் போனதும் மிகவும் பயன்பட்டது. அங்கே சில சிறு நிலையங்களில் காத்திருப்பு அறையே பழைய பிரேக் வேன்தான்; சக்கரங்களைக் கழற்றிவிட்டுத் தரையில் வைத்திருக்கிறார்கள். உள்ளே நின்று பார்த்தபோதுதான் ஒரு மனிதருக்கு அது எவ்வளவு இடம் என்பது உடம்புக்கு உறைத்தது. அன்று முதல் பொம்மையை வேனுக்குள் நேராக நிறுத்துவதை விட்டுவிட்டு, ஒரு கை கம்பியில், மேலுடல் வெளியே சாய்ந்து ரயிலின் நீளத்தைப் பார்ப்பதாகச் செய்கிறேன்.

மறுமொழி

அருமையான பகிர்வு, ஐயா. நான் இன்றைய காலத்தை அமைக்கிறேன். 1987 ஏப்ரலில் தேசிய ரயில்வே பிரிக்கப்பட்ட பிறகு வந்த ஜே.ஆர். சரக்கு நிறுவனம், ஈ.எஃப்.210 மின்சார எஞ்சின். பிரேக் வேன்கள் 1980களின் நடுப்பகுதியிலேயே பெரும்பாலும் விலகிவிட்டதால் ஓட்டுநர் தனியாகத்தான் போகிறார். வாலில் சிவப்பு வட்டத் தகடு போதும், ஆள் வேண்டாம். ஆட்கள் தேவைப்படுவது சரக்கு நிலையத் தரையில்: தலைக்கவசம், ஒளி திருப்பும் மேலாடை, கொள்கலன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்.

ஒரு பொது மேம்பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் பணியாளர் ஒருவர் எஞ்சினின் படியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்று வந்தார். இறங்குமுன் காலுக்குக் கீழே தரையை ஒருமுறை சுட்டிப் பார்த்தார். நீங்கள் சொன்ன அதே நேர்க்கோட்டுக் கை! காலம் மாறி உடை மாறினாலும் அது மாறவில்லை என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மறுமொழி

ஐயா, ஒற்றை வழித்தடம் என்றீர்கள். அத்தடத்தில் ரயில் நுழைய அனுமதியாகக் கொடுக்கும் டாப்ளெட் வளையத்தை மறக்க வேண்டாம். நான் இலங்கை மலையகத்தில் வளர்ந்தவன். நிலைய அதிகாரி வளையத்தை நீட்ட, எஞ்சினில் இருப்பவர் கையை நுழைத்து வாங்கிக்கொண்டு போவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஜப்பானியப் படங்களில் அதே வளையத்தைக் கண்டபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. வளையத்தின் அடியில் தோல் பை, அதற்குள் வட்டத் தகடு. நிலைய ஊழியர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைமேடையில் நடந்துவரும் படங்களும் உண்டு.

மெல்லிய செம்புக் கம்பியை ஊசிமேல் சுற்றினால் வளையம் கிடைக்கும். பைக்கு ஒரு துளி பசை, காய்ந்ததும் பழுப்பு நிறம். நிற்காமல் போகும் ரயிலுக்குக் கொடுப்பவரை நடைமேடையின் விளிம்பில், வரும் எஞ்சினைப் பார்த்தபடி நிறுத்துங்கள். உங்கள் ஃபயர்மேனின் கை எந்தப் பக்கச் சன்னலில் இருக்கிறதோ அந்தப் பக்கம் நடைமேடை வர வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு பிறகு ஒட்டுங்கள்.