அரிஸ்டாட்டில்: உடம்பில் எல்லாவற்றுக்கும் நோக்கம் உண்டா?

நச்செள்ளை:
அரிஸ்டாட்டிலின் 'பௌதிகம்' 2ஆம் நூல், 8ஆம் அத்தியாயம் படித்தேன். முன்பல் கூர்மையாகவும் கடைவாய்ப்பல் அகலமாகவும் முளைப்பது தற்செயல் அல்ல என்கிறார். அப்படியானால் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நோக்கம் இருந்தே ஆக வேண்டுமா? ஆய்வாளர் மரிஸ்கா லூனிசன் அவரைப் பற்றி 2010இல் எழுதிய நூலில் நோக்கத்தை முதல்நிலை, இரண்டாம்நிலை என்று பிரிப்பது ஏன்?

கோ. மாறன்:
இல்லை. அந்த ஓர் அத்தியாயத்தோடு நிறுத்தினால் எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். அவருடைய 'விலங்குகளின் உறுப்புகள்' 4ஆம் நூலின் 2ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள் (பெக்கர் எண் 677; அரிஸ்டாட்டில் நூல்களுக்கு எல்லாப் பதிப்பிலும் பொதுவான பக்க எண் இது). குதிரைக்கும் மானுக்கும் பித்தப்பை இல்லை என்று குறித்துவிட்டு, பித்தம் வெறும் கழிவு, எதற்காகவும் உண்டானது அல்ல என்கிறார். கொழுப்பு செரிக்கப் பித்தம் வேண்டும் என்பது இன்று தெரியும்; முடிவு தவறுதான். ஆனால் எல்லாவற்றிலும் நோக்கத்தைத் தேடாதே என்று அவரே சொல்லும் இடம் அது. கண்ணும் அப்படித்தான்: கண் பார்ப்பதற்காக, அதன் நிறம் எதற்காகவும் இல்லை.

வளவன்:
லூனிசன் பிரிப்புக்குக் கொம்புதான் நல்ல உதாரணம். முதல்நிலையில் விலங்கின் இயல்பு ஓர் உறுப்பைக் கோருகிறது, அதற்கேற்பப் பொருள் உருவாகிறது: பறவைக்குச் சிறகு. இரண்டாம்நிலையில் வரிசை தலைகீழ். பெரிய விலங்கில் மண்தன்மையுள்ள பொருள் கட்டாயமாகவே மிஞ்சுகிறது. இயற்கை அதைத் தற்காப்புக்குத் திருப்பிவிடுகிறது. அது கொம்புக்குப் போவதால் மேல்தாடையில் முன்பல் இல்லை. பல் குறைந்தால் மெல்லுவது குறையும், அதை ஈடுகட்டப் பல அறை வயிறு. ஒட்டகத்துக்குக் கொம்பு இல்லையே என்றால், முள்ளும் கட்டையுமான தீனிக்காக அந்தப் பொருள் மேலண்ணத்தைக் கெட்டியாக்கப் போகிறது என்பது அரிஸ்டாட்டிலின் பதில்.

நச்செள்ளை:
பெண்மான் இடிக்கிறதே? கொம்பும் இல்லை, மேல் முன்பல்லும் இல்லை.

வளவன்:
அதையும் அவரே எடுத்துப் பேசுகிறார் (664). ஆணுக்கும் பெண்ணுக்கும் இயல்பு ஒன்று, கொம்புள்ள இனம். பயனில்லாததால் பெண்ணுக்குக் கொம்பு நீங்கியது என்கிறார். எனக்கு இது ஒட்டுப்போட்ட பதிலாகவே படுகிறது. மிஞ்சிய பொருள் எங்கே போனது என்ற கணக்கு அங்கே இல்லை.

கோ. மாறன்:
இன்னொன்று, 'இயற்கை திருப்பிவிடுகிறது' என்றதும் மேலே ஒருவர் உட்கார்ந்து திட்டமிடுவதாக நினைத்துவிடாதீர்கள். பௌதிகம் 199இல் அவர் சொல்வது வேறு: கப்பல் கட்டும் கலை மரத்துக்குள்ளேயே இருந்தால் எப்படியோ, இயற்கையும் அப்படி. அடுத்து 'உறுப்புகள்' முதல் நூலின் முதல் அத்தியாயம், அதற்குப் பிறகு 3ஆம் நூலின் 2, 14 என்று போங்கள்.