புதுப்பிப்பு: மொரிஷியஸின் பெல் மார் கடற்கரை மணல்மேடு, திருத்தமும் பாதைக் கேள்வியும்

பறக்கும் மணலைப் பிடித்து மேட்டை வளர்க்கும் மணல் வேலிக்குப் பலகையை நெருக்கமாக அடிக்கலாம் என்று முன்பு எழுதியது தவறு. அடைத்த வேலியில் மோதும் காற்று கீழிறங்கி அடிமணலையே தோண்டும். பாதிக்குப் பாதி இடைவெளி விட்டால்தான் வேகம் தணிந்து மணல் படியும். ஒரு மீட்டர் உயரம் போதும். அது புதைந்ததும் மேலே இன்னொன்று.

சவுக்கு வேண்டவே வேண்டாம். சருகு மெத்தைபோல் மூடி, கீழே எதையும் முளைக்கவிடாது. அலை வேரடியை அரித்தால் மரம் மணலோடு சாயும். நடவேண்டியது அடும்பு (நம் நெய்தல் பாட்டில் வருவதேதான், கிரியோலில் பத்தாத்ரான்). மழை தொடங்கும்போது, இரண்டு மூன்று கணு மண்ணுள் போகும்படி, அரை மீட்டருக்கு ஒரு தண்டு.

மேட்டைக் கடந்து கடலுக்குப் போகும் பாதையை எப்படி விடுவது என்று பலர் கேட்டீர்கள்: தென்கிழக்குக் காற்றுக்கு நேராக வெட்டினால் அதுவே மணல் பறக்கும் வாய்க்கால். சாய்வாக, ஒரு வளைவோடு விடுங்கள்.

உரிமை விஷயம்: ‘பா ஜெயோமெத்ரிக்’ என்பது உயர்நீர்க் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லை) நிலப்பக்கமாக 81.21 மீட்டருக்குக் குறையாத கரைப்பட்டை. பெரும்பாலும் அரசு நிலம், பல இடங்களில் விடுதிகளுக்குக் குத்தகை. கோட்டுக்குக் கீழுள்ள ஈர மணல் எல்லாருக்கும் பொது. ஆனால் குத்தகைதாரர் கற்சுவர் எழுப்பினால் அலை திரும்பி முன்மணலை அரிக்கும். உரிமை இருக்கும், நடக்க மணல் இராது.