பழைய வீட்டு வயரிங்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

காவிரிக்கரை:
கும்பகோணத்தில் தாத்தா கட்டிய வீடு. மரச்சட்டத்தில் தகரக் கிளிப் அடித்து ஓட்டிய வயர், பீங்கான் பியூஸ், இரும்புப் பெட்டி மெயின். எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் கூடத்து விளக்கும் விசிறியும் நின்றுவிட்டன. தெருவில் கரண்ட் இருந்தது. நம் வீட்டில் பியூஸ் போயிருக்கும், இப்போது கரண்ட் இல்லையே என்று சித்தப்பா முக்காலியில் ஏறி, வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்த ஹோல்டரை இறுக்கப் போனார். இடது கை ஈரச் சுவரில். அப்படியே தூக்கி எறிந்தது. மணிக்கட்டு முறிந்தது, உயிர் தப்பியது.

எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகாதது அதற்கப்புறம் நடந்ததுதான். எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்டின் ஒரு துளையில் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. மறு துளையில் வைத்தார், அதிலும் எரிந்தது! விசிறி ஸ்விட்ச் போட்டபடியே இருந்ததால் அதன் காயில் வழியாக லைன் அந்தப் பக்கமும் வந்து நிற்கிறது என்றார். மெயினில் இரண்டு பியூஸ், ஒன்று கரண்ட் உள்ளே வரும் பேஸுக்கு (லைன் என்பதும் இதுதான்), ஒன்று அது திரும்பிப் போகும் நியூட்ரலுக்கு. போனது நியூட்ரல் பியூஸ். விளக்கு எரியாத வீட்டுக்குள் 230 வோல்ட் அப்படியே இருந்திருக்கிறது. இந்த இரட்டை பியூஸ் இன்னும் எத்தனை வீட்டில் இருக்குமோ என்று நினைத்தாலே பகீரென்கிறது.

மயிலை மாடிவீடு:
எங்களுடையது வாடகை வீடு. வேலைக்கு வரும் அக்கா "வாஷிங் மெஷின் கடிக்குதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஓனரிடம் சொல்ல, அவர் "எர்த் இருக்கும்மா, போன வருஷம்தான் செக் பண்ணோம், கை ஈரமா இருந்தா அப்படித்தான்" என்று முடித்துவிட்டார். ஒரு நாள் நல்ல மழை. அக்கா ஒரு கையால் குழாயைத் திறந்துகொண்டே மறு கையை மெஷின் மேல் வைத்தார். கத்தக்கூட இல்லை. வாய் திறந்தபடி, கை அப்படியே ஒட்டி நிற்கிறார். என் மகன் ஓடிப்போய் மெயினை அணைத்தான். அதன் பிறகுதான் கை விட்டது.

சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் மேலே இருக்கும் எர்த் பின்னுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு வயர். கசிவை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பியே அந்த மாடிக்கு வரவில்லை. எர்த் இருக்கிறதா என்று டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்த்தால் பளிச்சென்று எரிய வேண்டும் என்பதற்காக யாரோ அப்படி முறுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மழையில் கீழே எங்கோ நியூட்ரல் விட்டுப்போக, மெஷின் தகரம் முழுக்க லைன் ஆகிவிட்டது. அந்தச் சிவப்புத் துண்டை இன்னும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். யார் "எர்த் இருக்கு" என்றாலும் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற கம்பியாள்:
காவிரிக்கரை அவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் நியூட்ரலிலும் பியூஸ் வைப்பது வழக்கமாகவே இருந்தது, வேலை செய்தவரைக் குறை சொல்லாதீர்கள். இப்போது அது கூடாது. நியூட்ரலில் பியூஸை எடுத்துவிட்டு நேராக லிங்க் போட வேண்டும். அரை நாள் வேலை.

நானும் ஒன்று பார்த்தேன். வயர் மேல் சுற்றிய ரப்பர், கை பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு பளபளவென்று தெரிந்தது. பரண் முழுக்க அந்த வயர்தான், பக்கத்தில் பழைய பேப்பர் கட்டுகள். அவ்வளவுதான் என் கதை.

சொல்ல வந்தது வேறு. எம்சிபி (பியூஸுக்குப் பதிலாகப் போடும், கரண்ட் அதிகமானால் தானாக விழுந்து அணையும் ஸ்விட்ச்) மாற்றிவிட்டோம், இனி ஷாக் அடிக்காது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். 16 ஆம்பியர் எம்சிபி, 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். ஈரக்கையோடு தொட்டவரின் உடம்பில் கால் ஆம்பியர்கூடப் போகாது, ஆனால் ஆளை முடிக்க அதுவே அதிகம். எம்சிபிக்கு அது ஒரு பல்பு எரிவது மாதிரிதான். ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கடையில் ஈஎல்சிபி என்றும் கேட்பார்கள். பேஸில் போன கரண்ட் முழுசும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் வேறு வழியில் கசிகிறது என்று அர்த்தம், கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். எர்த் இல்லாத பழைய வீட்டிலும் இது வேலை செய்யும். ஆனால் எர்த் இருந்தால் கிரைண்டரில் கசிவு வந்த அந்த நொடியே விழும், இல்லையென்றால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். அதனால் இரண்டும் வேண்டும். அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். விழவில்லையென்றால் மாற்றுங்கள். பட்டன் அழுத்தி விழுந்தால் எர்த் சரி என்று அர்த்தமில்லை, அது தனிச் சோதனை. எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 ஸ்கொயரில் தனித்தனி லைன். வேலைக்கு வருபவரிடம் கம்பியாள் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

நெல்லைச்சீமை:
ஐயா, நீங்கள் சொல்கிற ஆர்சிசிபியைப் போட்டு நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. மழை வந்தால் விழும். இன்வெர்ட்டர் ஓடினால் விழும். ராத்திரி ஆச்சிக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்து, இருட்டில் தடவித் தடவிப் போய்த் தூக்கிவிட்டோம். ஆச்சியின் உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த நிறம் கண்ணிலேயே நிற்கிறது. மறுநாளே எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டார். பழைய வீட்டுக்கு அது ஒத்துவராது என்பதுதான் எங்கள் அனுபவம்.

ஓய்வுபெற்ற கம்பியாள்:
தம்பி, ஆச்சி விஷயம் கேட்டு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கழற்றியது சரியில்லை. பழைய வீட்டில் ஒரு அறையின் பேஸுக்குப் பக்கத்து அறையின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பார்கள். இன்வெர்ட்டர் போட வந்தவர் எல்லா நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கியிருப்பார். அப்போது ஆர்சிசிபி வழியாகப் போன கரண்ட் வேறு பக்கமாகத் திரும்பும், அது கசிவு என்று நினைத்து விழும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலைத் தனியாகப் பிரித்தால் அது நிற்கும். மழையில் விழுகிறது என்றால் மொட்டை மாடி விளக்கிலோ மோட்டாரிலோ நிஜமாகவே தண்ணீர் இறங்குகிறது. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆச்சியின் மெஷினுக்குத் தனி லைன், தனி ஆர்சிசிபி, கூடவே ஒரு யுபிஎஸ். வேறு அறையில் என்ன விழுந்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

புதுகைப் பக்கம்:
இங்கே நடக்கிற விவாதத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் தெருவில் ஓட்டு வீடு, பின்னால் தகரக் கொட்டகை. கொட்டகைக்கு விளக்குப் போட இழுத்த வயர், தகர விளிம்பில் வருஷக்கணக்காக உரசிக்கொண்டிருந்தது. கொடிக்கம்பியின் ஒரு முனையை அந்தக் கொட்டகைக் குழாயில்தான் கட்டியிருந்தார்கள். மழை விட்ட காலையில் அந்த அத்தை ஈரச்சேலையைக் கொடியில் போட்டார்கள். சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது கம்பியைப் பிடித்தபடி கிடந்தார்கள். கை தானாக மூடிக்கொள்ளும், விட முடியாது. அவர்கள் மகள் பிடித்து இழுக்கப் பாய்ந்தாள். எதிர்வீட்டு மாமா அவளைத் தள்ளிவிட்டு, காய்ந்த உலக்கையால் கம்பியை அடித்து அறுத்தார். மகள் பிழைத்தாள். அத்தை இல்லை.

பியூஸ் போகவே இல்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் சொல்கிறேன் நெல்லைச்சீமை, ஆர்சிசிபி சும்மா விழுகிறது என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் இப்போது எல்லாக் கொடியும் நைலான் கயிறுதான்.

மயிலை மாடிவீடு:
படித்ததும் கை நடுங்குகிறது. கம்பியாள் ஐயா, வாடகை வீட்டில் ஓனர் ஆர்சிசிபி போட மாட்டேன் என்றால் எங்கள் செலவில் எங்கள் போர்ஷன் மெயினுக்கு மட்டும் போட முடியுமா?

ஓய்வுபெற்ற கம்பியாள்:
தாராளமாகப் போடலாம் அம்மா. மீட்டருக்குப் பிறகு உங்கள் போர்ஷனுக்கு வரும் பேஸ், நியூட்ரல் இரண்டும் அதற்குள் போய் வர வேண்டும், நியூட்ரல் பக்கத்து போர்ஷனோடு கலந்திருக்கக் கூடாது. ஓனரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். மாடிக்கு எர்த் கம்பி இழுக்க அவர் சம்மதம் எப்படியும் வேண்டும். அது வரும்வரை மெஷினை ஓட்ட வேண்டாம்.

நெல்லைச்சீமை:
ஐயா, இன்வெர்ட்டர் நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லி ஆள் கூப்பிட்டிருக்கிறேன். கழற்றிய ஆர்சிசிபி வீட்டில்தான் இருக்கிறது. மேலே 100 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அதையே போடலாமா?

ஓய்வுபெற்ற கம்பியாள்:
வேண்டாம். 100 மில்லி தீப்பிடிக்காமல் இருக்கத்தான் உதவும், ஆளுக்கு ஆகாது. 30 போட்டது புதிதாக வாங்குங்கள். ஆச்சி லைனுக்குத் தனியாக இன்னொன்று.