லைவ் எய்டை மறுபடி பார்க்கும்போது: எந்தப் பிரதி, எந்த வரிசை, எங்கே காது கொடுக்க வேண்டும்

எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜூலை 13 அன்று லண்டனிலும் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவிலும் நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியை உட்கார்ந்து பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். "முழு லைவ் எய்ட்" என்று விலைக்கு எதுவும் கிடைக்காது. லண்டன் வெம்ப்ளியில் பகல் 12 மணிக்குத் தொடங்கியது. பிலடெல்ஃபியாவின் ஜேஎஃப்கே அரங்கில் முடிந்தபோது லண்டனில் மறுநாள் அதிகாலை 4:05. ஆக 16 மணி நேரம். 2004 நவம்பரில் வந்த நான்கு தட்டு டிவிடியில் இருப்பது ஏறக்குறைய 10 மணி நேரம். லெட் செப்பலின் குழுவினர் தங்கள் பகுதியைத் தர மறுத்துவிட்டார்கள். அமெரிக்கப் பகுதிக்கு எம்டிவியின் நாடாக்கள் கைகொடுத்தன. ஆனால் விளம்பரத்துக்காகவும் தொகுப்பாளர் பேச்சுக்காகவும் பல பாட்டுகள் அதில் பாதியில் வெட்டுப்பட்டிருக்கின்றன.

யூடியூபில் அதிகாரபூர்வ சேனல் 2018இல் வந்தது. பாட்டு பாட்டாகத் துண்டு போட்டிருப்பதால் பிடித்ததைத் தேடிக் கேட்க வசதி. அன்றைய நாள் எப்படிப் போனது என்பது அதில் பிடிபடாது. அதற்கு யாரோ வீட்டில் விஎச்எஸ் நாடாவில் பதிந்த ஒளிபரப்புதான் வேண்டும். படம் மங்கல், ஓரத்தில் நடுக்கம் இருக்கும். ஆனாலும் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே பணம் கேட்கும் குரலும், தொலைபேசி எண்களும், தொகுப்பாளர்களின் திணறலும் அதில்தான் இருக்கின்றன.

* * *

மேலே சொன்னதோடு நேரக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று லண்டன் கோடைகால நேரத்தில் இருந்தது. நம் நேரம் அதைவிட நாலரை மணி நேரம் முன்னால். அன்றைய கடிகாரப்படியே பார்க்க விரும்பினால் சனிக்கிழமை மாலை 4:30க்கு ஆரம்பியுங்கள். யூ2 குழு இரவு 9:50, குயின் குழு 11:11, டேவிட் போவி நள்ளிரவுக்குச் சற்று முன், தி ஹூ குழு 12:30 வாக்கில், பால் மெக்கார்ட்னி 2:20ஐ ஒட்டி. பிலடெல்ஃபியா முடியும்போது ஞாயிறு காலை 8:35 ஆகிவிடும். அவ்வளவு நேரம் முடியாதவர்கள் 9:50 முதல் 12:30 வரையாவது விடாமல் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் குயின் ஏன் அந்த நாளைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பது விளங்காது. அதுவரை வந்தவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று கேட்டிருந்தால்தான் அந்த 21 நிமிடத்தின் அருமை தெரியும்.

* * *

படத்தின் தரம் பற்றி. வெம்ப்ளி எடுத்தது பால் (PAL) எனும் பிரிட்டன் தொலைக்காட்சி முறையில்: 625 வரி, நொடிக்கு 50 அரைச்சட்டம் (ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் கொண்ட பாதிப் படம்). அமெரிக்கா என்டிஎஸ்சி: 525 வரி, கிட்டத்தட்ட 60 அரைச்சட்டம். செயற்கைக்கோள் வழியாக மறுகரைக்குப் போன படம் ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கும். பிபிசி நாடாவிலிருந்து வந்த பிலடெல்ஃபியா காட்சிகளில் கை வேகமாக அசையும்போது பின்னால் நிழல் இழுபடுவது அதனால்தான். அது உங்கள் டிவியின் கோளாறு இல்லை, சரிசெய்யவும் முடியாது.

சரிசெய்யக்கூடியது ஒன்று உண்டு. அரைச்சட்டப் படத்தைக் கணினியில் அப்படியே ஓட்டினால் டிரம்ஸ் குச்சிகள் சீப்புப் பல் போலத் தெரியும். விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் வீடியோ மெனுவுக்குப் போய் டீஇன்டர்லேஸை "ஆன்" செய்து, முறையை "யாடிஃப் 2எக்ஸ்" என்று வையுங்கள். வெறும் "யாடிஃப்" வைத்தால் நொடிக்கு 25 படம்தான் வரும்; நேரடி ஒளிபரப்புக்கே உரிய வழுக்கலான அசைவு போய் சினிமா மாதிரி ஆகிவிடும். இணையத்தில் கிடைக்கும் "மெருகேற்றிய" பிரதிகள் பலவற்றில் இந்தச் சேதம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. கையிலிருப்பது எந்த முறை என்று அறிய கோப்பின் உயரத்தைப் பாருங்கள்: 576 என்றால் பால், 480 என்றால் என்டிஎஸ்சி. படம் 4:3 விகிதம். அகலத் திரைக்காக இழுத்தால் எல்லோரும் குண்டாவார்கள். மேலும் கீழும் வெட்டினால் கிதார் வாசிக்கும் விரல்கள் போய்விடும். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

* * *

ஒலிதான் பெரிய விஷயம். 1985இல் பிபிசி தொலைக்காட்சி மோனோ. ஸ்டீரியோவில் போனது ரேடியோ 1 பண்பலையில்தான், அதே நேரத்தில். அதனால் வானொலியிலிருந்து கேசட்டில் பதிந்த ஒலியை விஎச்எஸ் படத்தோடு ஒட்டிய பிரதிகள் சுற்றுகின்றன. நன்றாகச் செய்திருந்தால் அருமை. தவறுவது எங்கே என்றால், கேசட் ஓடும் வேகம் கருவிக்குக் கருவி மாறும். வேகத்தில் 0.1 சதவீதம் பிசகினாலே 20 நிமிடத்தில் 1.2 நொடி விலகிவிடும். பாடகர் வாய் மூடிய பிறகு குரல் வரும். விஎல்சியில் ஜே, கே விசைகளால் 50 மில்லி நொடி வீதம் ஒலியை நகர்த்தலாம். தொடக்கத்தில் சரியாக வைத்தும் போகப்போக விலகினால் அது வேகக் கோளாறு, விசையால் தீராது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒலியின் வேகத்தை மாற்ற வேண்டும். முதல் பாட்டில் ஒரு டிரம்ஸ் அடியையும் கடைசிப் பாட்டில் ஒரு அடியையும் படத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மொத்த நொடிகளால் வகுத்து நூறால் பெருக்கினால் எத்தனை சதவீதம் என்று கிடைக்கும்.

டிவிடியில் எல்லாமே அன்று கேட்ட ஒலி என்று எண்ணிவிடாதீர்கள். மெக்கார்ட்னியின் "லெட் இட் பி"யில் அன்று முதல் இரண்டு நிமிடம் மைக் வேலை செய்யவில்லை. வீட்டில் பார்த்தவர்களுக்கே குரல் சன்னமாகத்தான் எட்டியது. டிவிடியில் கேட்பது பிறகு பாடிச் சேர்த்த குரல். பழைய நாடாவில் கேளுங்கள்: குரல் இல்லாத இடத்தில் கூட்டம் தானே பாடுகிறது. அது டிவிடியில் அமுங்கிப்போனது பெரிய இழப்பு.

* * *

ஒலி ஏன் அப்படித் தவறியது என்பதற்கு மேடை அமைப்பைப் பார்க்க வேண்டும். வெம்ப்ளி மேடை சுழலும் தட்டு, மூன்று பகுதி. ஒன்றில் வாசிப்பு, ஒன்றில் அடுத்த குழுவின் கருவிகளை அடுக்குவது, ஒன்றில் முடித்தவர்களுடையதைக் கழற்றுவது. ஒவ்வொரு குழுவுக்கும் ஏறக்குறைய 20 நிமிடம். நேரத்தைக் காட்ட சாலை சிக்னல் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். தனித்தனியாக ஒலி சரிபார்க்க நேரமே இல்லை. பாடகர் பிரையன் ஃபெர்ரியின் மைக்கும் டிரம்ஸும் அன்று தகராறு செய்தன. தி ஹூவின் முதல் பாட்டிலேயே ஒளிபரப்பும் அறுந்தது. டிவிடியில் தி ஹூவின் இரண்டு பாட்டுகள் மட்டும் இருப்பதற்கும் அதுவே காரணம்.

குயின் இந்த 20 நிமிடத்தைக் கணக்குப் போட்டு வந்தார்கள். லண்டன் ஷா தியேட்டரில் ஒத்திகை பார்த்து, "பொஹீமியன் ராப்சொடி"யின் முன்பகுதியை மட்டும் எடுத்து, கிதார் தனி வாசிப்பு முடிந்ததும் "ரேடியோ கா கா"வுக்குத் தாவினார்கள். அதில் கைதட்டும் அகலக் காட்சியில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 0.3 நொடி தாமதம். அதனால் கைகள் முன்னிருந்து பின்னோக்கி அலையாக எழும். குயின் பகுதி மட்டும் போதுமென்றால், 2007இல் வந்த மாண்ட்ரியல் கச்சேரி டிவிடியின் கூடுதல் தட்டில் ஒத்திகைக் காட்சியோடு கிடைக்கிறது.

யூ2 இதற்கு நேர் எதிர். "பேட்" 12 நிமிடம் நீண்டது, போனோ மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குப் போனார், மூன்றாவதாக வைத்திருந்த "பிரைட்" பாடாமலே போனது. கிதாரைக் கவனியுங்கள்: பாடகர் எங்கே என்றே தெரியாமல், அதே சுற்றை விடாமல் வாசித்துக் காத்திருக்கிறார்கள்.

* * *

ஒப்பிட்டுக் கேட்க நல்ல இடம் ஃபில் காலின்ஸ். வெம்ப்ளியில் பாடிவிட்டு கான்கார்ட் விமானத்தில் நியூயார்க் போய், அங்கிருந்து ஹெலிகாப்டரில் பிலடெல்ஃபியா சேர்ந்தார். "அகெய்ன்ஸ்ட் ஆல் ஆட்ஸ்" இரு ஊரிலும் உண்டு. லண்டனில் பியானோவில் ஒரு தப்பான கட்டை விழுவது பளிச்சென்று கேட்கும்.

லண்டனில் போவிக்கும் பிலடெல்ஃபியாவில் மிக் ஜாகருக்கும் கடல் தாண்டி ஒன்றாகப் பாடும் திட்டம் இருந்தது. செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில்; ஒரு தடவை ஏறி இறங்கவே கால் நொடிக்கு மேல், பதில் வர அரை நொடி. தாளம் சேராது. அதனால்தான் அது பதிவு செய்த வீடியோவாக வந்தது.

* * *

ஒரு வேண்டுகோள். போவி "ஹீரோஸ்" முடித்ததும் எத்தியோப்பியாவின் பஞ்சக் காட்சிகள் "டிரைவ்" பாட்டோடு ஓடும். அதைத் தாண்டி ஓட்டாதீர்கள். அது ஓட வேண்டும் என்பதற்காகவே போவி தன் ஐந்தாவது பாட்டை விட்டுக்கொடுத்தார். நன்கொடை அதன் பிறகே பாய்ந்து வந்தது. குயின் பாடியவுடன் தொலைபேசிகள் ஒலிப்பதாகக் காட்டும் "பொஹீமியன் ராப்சொடி" என்ற 2018ஆம் ஆண்டுத் திரைப்படத்தை வைத்து இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டாம். முடிந்தால் தொடங்குவதற்கு முன்பே, 1984 அக்டோபர் 23 அன்று எத்தியோப்பியாவின் கோரெமிலிருந்து வந்த பிபிசி செய்தியைப் பாருங்கள். மைக்கேல் பர்க் பேச, முகமது அமீன் படம் பிடித்தது. லைவ் எய்டை நடத்திய பாப் கெல்டாஃபையும் மிட்ஜ் யூரையும் முதலில் பஞ்ச நிவாரணப் பாட்டெழுத உட்கார வைத்தது அந்தச் செய்திதான்.

பிலடெல்ஃபியா கடைசிப் பகுதியில் பாடகர் பாப் டிலன் பேசுவதையும் கேளுங்கள். இந்தப் பணத்தில் கொஞ்சம் அமெரிக்க விவசாயிகளின் அடமானக் கடனுக்குப் போகலாமே என்றார். இடம் பொருத்தமில்லை என்று கெல்டாஃபுக்குக் கோபம். ஆனால் அதே பேச்சிலிருந்து செப்டம்பர் 22இல் இல்லினாயில் விவசாயிகளுக்கான ஃபார்ம் எய்ட் கச்சேரி பிறந்தது. அடுத்துப் பார்க்க வேண்டியது அதுதான்.