மண்டிக்கு எழுதிய பில்லிங் மென்பொருள்: வேலையும் முடியவில்லை, பாக்கியும் வரவில்லை – வழி சொல்லுங்கள்

உறையூரான்:
வணக்கம். பகலில் திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் நிரலராக இருக்கிறேன். வீட்டுக்கடன் தவணைக்குக் கைகொடுக்கும் என்று, தெரிந்தவர் மூலம் ஓர் அரிசி மண்டிக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தர ஒப்புக்கொண்டேன். பேசிய தொகை 60,000 ரூபாய். முன்பணமாக 20,000 கொடுத்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை.

இரவு ஒன்பது மணி முதல் பதினொன்று வரை, வாரம் ஐந்து நாள், ஐந்து மாதமாக உழைக்கிறேன். நேற்று கணக்குப் போட்டால் 210 மணி நேரம் வருகிறது. இதுவரை கைக்கு வந்ததை வைத்துப் பார்த்தால் மணிக்கு நூறு ரூபாய்கூட இல்லை. பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, மாத அறிக்கை என்றுதான் பேச்சு. அதன்பின் வாட்ஸ்அப்பில் பில் அனுப்ப வேண்டும் என்றார்கள். இரண்டாவது கிடங்கு வந்தது. கடன் பாக்கி நோட்டு, மூட்டை தூக்குபவர்களின் கூலிக் கணக்கு என்று வரிசையாக வருகின்றன. "எல்லாம் முடியட்டும், மொத்தமாகத் தருகிறேன்" என்கிறார் முதலாளி. கெட்டவர் இல்லை, போகும்போதெல்லாம் உட்காரவைத்துக் காபி கொடுப்பார். அதனால்தான் வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை.

இன்னும் இரண்டு சிக்கல்கள். வரி இல்லாத 26 கிலோ சிப்பத்துக்கும் என் மென்பொருள் 5 சதவீத வரி போட்டுவிட்டது. வாங்க வந்த கடைக்காரர்கள் சண்டை பிடித்திருக்கிறார்கள். அடுத்தது, தெர்மல் பிரின்டரில் தமிழ் சரியாக வருவதில்லை. எழுத்துகளைப் படமாக மாற்றித்தான் அனுப்புகிறேன். என் மடிக்கணினியில் சரியாக இருக்கிறது. கடைக் கணினியில் 'பொன்னி' என்று அடித்தால், 'ப'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. முதலாளி அந்தத் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்து, "முதலில் இதைச் சரிசெய், பிறகு பணம் பேசலாம்" என்றார்.

சேலத்துக்காரர்:
எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. ஒரு மருந்துக் கடையில் 18,000 ரூபாய் இன்றுவரை வரவில்லை. அனுபவத்தில் சொல்கிறேன், மென்பொருளுக்குள் தேதிப் பூட்டு ஒன்று வைத்துவிடுங்கள். குறிப்பிட்ட நாளில் திறக்காமல் நின்றுவிடும். அன்றைக்கே பணம் வரும்.

காவேரிக்கரை:
சேலத்துக்காரரே, உங்கள் வலி புரிகிறது. ஆனால் தம்பியை அந்த வழியில் அனுப்பாதீர்கள். உரிமையுள்ளவர் தன் கணினியைப் பயன்படுத்த முடியாதபடி தடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 43ஆம் பிரிவில் வருகிறது. வேண்டுமென்றே செய்ததாகத் தெரிந்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பாக்கி கேட்க வேண்டியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டி வரும். சட்டத்தை விடுங்கள், அறுவடைக் காலத்தில் வாசலில் லாரி நிற்கும்போது ஒரு மண்டியின் பில் நின்றால், அன்று கூலி இழப்பவர் மூட்டை தூக்குபவர்.

உறையூர்த் தம்பி, பன்னிரண்டு ஆண்டுகளாக இரவு நேரத்தில் இந்த வேலை செய்கிறேன். உங்கள் பட்டியலில் எது உங்கள் பிழை, எது அவர்களின் புதுக் கேட்பு என்று பிரிக்காமல் வைத்திருக்கிறீர்கள். எல்லாம் ஒரே மூட்டையாக இருப்பதால்தான் அவராலும் "எல்லாம் முடியட்டும்" என்று சொல்ல முடிகிறது.

26 கிலோ விவகாரம் உங்கள் பிழைதான். வருத்தமாக இருந்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள். முன்கூட்டியே பொதிந்து பெயர் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி என்பது 2022 ஜூலை 18 முதல் நடைமுறை. அதைத் தாண்டிய சிப்பத்துக்கு வரி இல்லை. 26 கிலோ சிப்பம் சந்தைக்கு வந்ததே அதனால்தான். நீங்கள் வரியை அரிசியின் பெயரோடு கட்டியிருப்பீர்கள். சிப்பத்தின் எடையோடு கட்டியிருக்க வேண்டும். மண்டிக்குக் குறிப்பெடுக்கப் போன முதல் நாளே, பழைய பில் புத்தகத்தில் ஐம்பது பக்கம் புரட்டியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இதற்குக் காசு கேட்காதீர்கள், இந்த வாரமே திருத்திக் கொடுங்கள். வாட்ஸ்அப், இரண்டாவது கிடங்கு, கடன் நோட்டு, கூலிக் கணக்கு நான்கும் புது வேலை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை.

பிரின்டருக்கு வருவோம். எழுத்தைப் படமாக்க, பைத்தான் நிரல்மொழியின் பில்லோ நூலகம்தானே (ஆயத்த நிரல் தொகுப்பு) பயன்படுத்துகிறீர்கள்? உங்கள் மடிக்கணினியில் லினக்ஸ், கடையில் விண்டோஸ் என்று நினைக்கிறேன்.

உறையூரான்:
ஆமாம் அக்கா, இரண்டும் சரி. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

காவேரிக்கரை:
நானும் இதே இடத்தில் மூன்று இரவு விழித்திருக்கிறேன். கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்துருவின் தனி வேலை இல்லை, எழுத்துகளை வரிசைப்படுத்தும் நூலகம் ஒன்று வேண்டும். பில்லோவுக்கு அது ராக்ம். ராக்முக்கு ஃப்ரிபிடி என்ற இன்னொரு நூலகம் வேண்டும். லினக்ஸில் அது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸில் அதன் டிஎல்எல் கோப்பை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பில்லோ பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் எளிய முறைக்கு இறங்கிவிடும். அப்போதுதான் கொம்பு இடம் மாறும். கடைக் கணினியில் ராக்ம் கிடைக்கிறதா என்று பில்லோவிடமே கேட்டுப் பாருங்கள், 'ஃபால்ஸ்', அதாவது இல்லை என்று வரும் பாருங்கள்.

80 மில்லிமீட்டர் தாள் என்றால் படத்தின் அகலத்தை 576 புள்ளியாக வையுங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சாம்பல் நிறத்தை விட்டுவைக்காதீர்கள், சுழிகள் உடைந்து தெரியும்.

வரவுசெலவு:
ஒரு பட்டயக் கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

முதலில், உங்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வெளிவேலைக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும் என்று பல நிறுவனங்கள் போட்டிருக்கும். அலுவலக மடிக்கணினியில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளப் பணியின் பகுதியாக எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தம். வெளியாருக்கு ஒப்பந்த முறையில் எழுதிக் கொடுத்தது, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை, எழுதியவருக்கே சொந்தம். மண்டி வேலை இரண்டாவது வகை. இந்த இரண்டும் கலந்துபோக இடம் கொடுக்காதீர்கள். பாக்கி வந்த பிறகு உரிமையை மாற்றித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதலாம். பூட்டை விட அது வலுவானது, நேர்மையானதும்கூட.

மண்டி பெரியது என்றால், தொகையில் ஒரு பகுதியை டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) என்று பிடித்துக்கொண்டு கொடுக்கலாம். ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். உங்கள் பான் எண்ணில் அது வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

அடுத்த வேலைக்கு முன் உத்யம் (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. பதிவுள்ள குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தராதவர், ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. ஏற்கெனவே நடந்துவிட்ட வேலைக்கு அதை நம்ப வேண்டாம்.

சேலத்துக்காரர்:
அக்கா சொன்னது சரி. பூட்டு யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். மூட்டை தூக்குபவரை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

உறையூரான்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஃப்ரிபிடியேதான் அக்கா. கோப்பை வைத்ததும் முதல் பில்லிலேயே 'பொன்னி' ஒழுங்காக வந்தது. 26 கிலோ திருத்தத்தையும் முடித்து, தவறாகப் போட்ட பில்களைத் தேடி எடுத்துப் பட்டியலும் கொடுத்தேன், மண்டியின் கணக்கர் சரிசெய்ய வேண்டுமே.

ஞாயிறு மதியம், சந்தை ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போனேன். ஒரே தாளில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன்: பேசியது, பேசாதது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இது தனி வேலை என்று நீ ஒரு நாளும் சொல்லவில்லையே தம்பி" என்றார். உண்மைதான், நான் சொன்னதே இல்லை. அங்கேயே 25,000 அனுப்பினார். மீதி 15,000 மாத அறிக்கையைச் சரிபார்த்ததும் தருவதாகத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிறுவனத்தில் அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். பதில் வரும்வரை புதிய வேலை தொடங்க மாட்டேன் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்.

கடன் நோட்டும் வாட்ஸ்அப்பும் இப்போது வேண்டாமாம், இரண்டாவது கிடங்கைப் பிறகு பார்க்கலாமாம். கூலிக் கணக்கு மட்டும் பொங்கலுக்குள் வேண்டும் என்கிறார். 12,000 சொன்னேன், பாதி முன்பணம். அனுமதி வந்தால், முதலில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மூட்டை இறக்கும் இடத்தில் நின்று, கூலியை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.