வேலூரில் தங்கிவிட்ட அயர்லாந்துச் சிப்பாய்: அவர் எந்தப் பட்டாளம், எந்த ஊர் என்று தேடுவது எப்படி?

காட்பாடி ஜெயா:
வணக்கம். அம்மாவின் பாட்டிக்குப் பாட்டி 1851-ல் வேலூரில் பிறந்தவர். அவருடைய அப்பா அயர்லாந்திலிருந்து வந்து பட்டாளத்தில் இருந்தவர் என்பது வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. கையில் இருப்பது மகளின் ஞானஸ்நானப் பதிவு நகல் ஒன்றுதான். தகப்பன் ஜான் கெல்லி, தொழில் 'பென்ஷனர்', தாய் மேரி, குடியிருப்பு வேலூர். படைப்பிரிவின் பெயர் இல்லை. 1806 கோட்டைச் சண்டையில் தப்பிப் பிழைத்தவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இணையத்தில் பெயரைப் போட்டால் ஜான் கெல்லிகள் குவிகிறார்கள். எங்கே தொடங்குவது?

பழைய ஏடு:
அம்மா, அயர்லாந்துப் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். ஊர் பெயர் தெரியாமல் அங்கே 'கெல்லி'யைத் தேடுவது நம் பக்கம் முனுசாமியைத் தேடுகிற மாதிரி. அவர் எந்த ஊர் என்பது ராணுவத் தாளில்தான் இருக்கும். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பது அவர் ராஜாவின் படையா (பிரிட்டிஷ் அரசின் ராணுவம்), கும்பினிப் படையா (கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவம்) என்பதைப் பொறுத்தது. இரண்டும் வேறு வேறு நிர்வாகம், வேறு வேறு ஆவணக் காப்பகம்.

1806 கதையை ஓரமாக வையுங்கள். அன்று கோட்டையில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 69-ஆம் ரெஜிமெண்டின் நான்கு கம்பெனிகள். கோட்டையை மீட்க ஆற்காட்டிலிருந்து தளபதி கில்லெஸ்பியோடு வந்தது 19-ஆம் லைட் டிராகூன்ஸ் குதிரைப்படை. இரண்டுமே ராஜாவின் படை. அப்போது இருபது வயது என்றால் 1851-ல் அறுபத்தைந்து. நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கைக்குழந்தையின் தகப்பனுக்குக் கொஞ்சம் அதிகம். வேலூரில் வெள்ளைக்காரச் சிப்பாய் முன்னோர் உள்ள வீடுகளில் இந்தச் சண்டை தானாகவே கதைக்குள் வந்து ஒட்டிக்கொள்ளும். 1820, 1830-களில் படையில் சேர்ந்தவர் என்று வைத்துத் தேடுங்கள்.

முதலில் காசில்லாத வேலை. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் டபிள்யூ.ஓ. 97 என்ற வரிசை இருக்கிறது (டபிள்யூ.ஓ. என்றால் வார் ஆபீஸ், போர்த்துறை). ராஜாவின் படையிலிருந்து பென்ஷனோடு விடுவிக்கப்பட்டவர்களின் தாள்கள். 1854 வரைக்குமான பகுதியைப் பெயர், பிறந்த ஊர் இரண்டையும் கொண்டு தேடலாம். ரெஜிமெண்டும் அங்கேயே தெரியும். அயர்லாந்தில் பென்ஷன் பெற்றவர்களுக்கு 1822 வரை டப்ளினில் உள்ள கில்மைனம் மருத்துவமனைப் பதிவுகள் தனி (டபிள்யூ.ஓ. 119). ஒன்றை மறக்காதீர்கள்: பணியில் இருக்கும்போதே இறந்தவர் இந்த வரிசையில் வரமாட்டார். உங்களவர் பென்ஷனர் என்பதால்தான் இதை முதலில் சொன்னேன்.

அங்கே கிடைக்கவில்லை என்றால் கும்பினிப் படை. அது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில். எல்/மில்/9 வரிசையில் ஆள்சேர்ப்பு, கப்பலேற்றப் பட்டியல்கள். எல்/மில்/11 மெட்ராஸ் படையின் பதிவேடுகளும் ஆண்டுவாரி மஸ்டர் பட்டியல்களும் (படையில் இருந்தவர்களின் பெயர்க் கணக்கு). எல்/மில்/10 வங்காளம், 12 பம்பாய், அவற்றைத் தொடாதீர்கள். பதிவேட்டில் பொதுவாகப் பெயர், வயது, பிறந்த கவுண்ட்டி (அயர்லாந்து மாவட்டம்), முன்பு செய்த தொழில், வந்த கப்பல் இருக்கும். கப்பல் பெயர்தான் சாவி. ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் கப்பலும் வந்த ஆண்டும் சேர்ந்தால் ஆள் பிரிந்துவிடுவார். கும்பினிப் படையின் பென்ஷனுக்கு லார்ட் கிளைவ் நிதி என்று ஒன்று இருந்தது. அந்தக் கணக்குகளையும் அதே நூலகத்தில் பாருங்கள்.

பலர் விழும் குழி ஒன்று. முதலாம் மெட்ராஸ் ஐரோப்பியப் படை 1862-ல் 102-ஆம் ரெஜிமெண்ட் ஆகி, 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. அதைப் பார்த்து டப்ளினில் போய்த் தேடுகிறார்கள். 1851 பென்ஷனருக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. மெட்ராஸ் பீரங்கிப் படையையும் விடாதீர்கள், அதன் தலைமையிடம் பரங்கிமலை.

பாலாற்றங்கரை:
பழைய ஏடு ஐயா சொன்னதோடு உள்ளூர் விஷயம் கொஞ்சம். ராணுவத் தாளில் 'ஆற்காடு' என்று இருந்தால் பெரும்பாலும் பாலாற்றுக்கு வடக்கே ராணிப்பேட்டை கண்டோன்மெண்ட்தான். மாவட்டத்தையும் கவனியுங்கள்: 1911 வரை வடஆற்காட்டுக்குத் தலைமையிடம் சித்தூர். கலெக்டர் ஆபீஸ் காகிதங்களில் வேலூர் தனித் தலைப்பாக வராமல் போனால் குழம்ப வேண்டாம்.

கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் சர்ச் 1846-ல் கட்டியது, அதற்கு முந்தைய பதிவை அங்கே எதிர்பார்க்க முடியாது. பழைய ஐரோப்பியக் கல்லறையில் போய்த் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கல் வைத்தது பெரும்பாலும் அதிகாரிகளுக்கு. சாதாரணச் சிப்பாய்க்கு மண்மேடுதான். ஜே. ஜே. காட்டன் 1905-ல் தொகுத்த மெட்ராஸ் மாகாணக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலை முதலில் புரட்டிவிட்டு வெயிலில் இறங்குங்கள்.

சர்ச்சில் பதிவேடு கரையான் தின்றுவிட்டது என்று சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். மதகுருமார் நகல் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பி, அது லண்டன் போயிருக்கிறது. அதே இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசை: மெட்ராஸ் மாகாண ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். உங்களுக்கு வேண்டியது மகளின் ஞானஸ்நானம் இல்லை, அப்பா அம்மாவின் திருமணப் பதிவு. அந்த நேரத்தில் அவர் பணியில் இருந்திருந்தால் ரெஜிமெண்ட் பெயர் அங்கே எழுதியிருப்பார்கள். மகளுக்கு அண்ணன், அக்கா இருந்தால் அவர்கள் பதிவையும் எடுங்கள். அப்பா 'பென்ஷனர்' ஆவதற்கு முன் பிறந்த பிள்ளையின் பதிவில் 'பிரைவேட்', 'கன்னர்' என்று ஏதாவது இருக்கும். என்/2-வின் பெரும்பகுதி ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் உள்ளது. ஃபேமிலிசர்ச்சில் பெயர்ப் பட்டியல் இலவசம், ஆனால் பெயர்ப் பட்டியலோடு நிறுத்தினால் தொழில் கட்டம் தெரியாது.

ஞானஸ்நானம் எந்தச் சபை?

காட்பாடி ஜெயா:
ரோமன் கத்தோலிக்கம். ஞானப்பெற்றோர் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, இருவருமே ஐரோப்பியப் பெயர்கள். கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

மூன்றாம் மேசை:
அப்படியானால் அந்த ஞானப்பெற்றோர் பெயர்களையும் சேர்த்தே தேடுங்கள். சிப்பாய் வீட்டுக் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்பவர் பெரும்பாலும் அதே கம்பெனிக்காரர். கெல்லி எங்கும் கிடைப்பார். கெல்லியும் அந்த இன்னொரு பெயரும் ஒரே மஸ்டர் பட்டியலில் வருவது அபூர்வம். வந்தால் ரெஜிமெண்ட் அதுதான்.

வேலூர் மறைமாவட்டம் உருவானது 1952-ல். அதற்கு முன் இது வேறு ஆயரின் கீழ். ஆகவே பழைய கத்தோலிக்கப் பதிவுகளைப் பங்குக்கோவிலில் கேட்டுவிட்டு, மெட்ராஸ்-மயிலாப்பூர் உயர்மறைமாவட்டத்திலும் கேளுங்கள். 1834 முதல் மெட்ராஸ் ஆயராக இருந்தவர்களே அயர்லாந்துக்காரர்கள்: டேனியல் ஓ'கானர், பிறகு ஜான் ஃபென்னெலி. பதிவு லத்தீனில் இருந்தால் ஜான் 'யோவான்னெஸ்', ஜேம்ஸ் 'யாக்கோபுஸ்', வில்லியம் 'குலியெல்முஸ்'.

மஸ்டர் பட்டியல் படிக்கும் விதம்: ராஜாவின் படைக்கான மஸ்டர் வரிசையான டபிள்யூ.ஓ. 12-ல் ஒவ்வொரு பட்டியலின் கடைசிப் பக்கங்களுக்கு முதலில் போங்கள். இறந்தவர், விடுவிக்கப்பட்டவர் பெயர்கள் அங்கே தனியாக வரும். பல ஆண்டுகளில் பிறந்த ஊரும் தொழிலும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். ஆள் திடீரென்று காணாமல் போனால் செத்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். ரெஜிமெண்ட் சீமைக்குத் திரும்பும்போது, விருப்பப்பட்டவர்கள் ஊக்கத்தொகை வாங்கிக்கொண்டு இந்தியாவில் நிற்கும் வேறு ரெஜிமெண்டுக்கு மாறிக்கொள்ளலாம். இங்கே குடும்பம் வைத்திருந்தவர்கள் பலர் அப்படி மாறினார்கள்.

ஊர் பெயர் கிடைத்த பிறகுதான் அயர்லாந்து. 1922-ல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் தீயில் 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகள் ஏறக்குறைய முழுதும் போயின. அரசின் பிறப்புப் பதிவு 1864-ல்தான் எல்லாருக்கும் தொடங்கியது. மிஞ்சுவது கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள். அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றின் படங்களை இலவசமாக வைத்திருக்கிறது. மேற்குக் கிராமப் பங்குகள் பலவற்றில் ஏடு 1820-களுக்குப் பிறகுதான் தொடங்கும். 1810-ல் பிறந்தவர் அதில் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். அப்போது டைத் புத்தகங்கள் (சபை வரிக்கான நிலக் கணக்கு, 1823 முதல் 1838 வரை), கிரிஃபித் மதிப்பீடு (வரிக்காக நிலம், வீடுகளை மதிப்பிட்ட பட்டியல், 1847 முதல் 1864 வரை) இரண்டையும் வைத்து அந்தப் பங்கில் கெல்லி குடும்பம் நிலம் வைத்திருந்ததா என்று பாருங்கள். அவர் பெயர் இருக்காது, கிளம்பிப் போய்விட்டாரே. கூலி வேலைக்காரக் குடும்பம் என்றால் அப்பா பெயரும் டைத் புத்தகத்தில் வராது. முதல் மகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயரை வைப்பது அங்கேயும் வழக்கம், நம்மைப் போலவே. வேலூரில் பிறந்த மூத்த பையனின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வயதை மட்டும் நம்பாதீர்கள். சேரும்போது கூட்டியும் குறைத்தும் சொல்லியிருப்பார்கள். ஐந்து வருடம் முன்னும் பின்னும் விட்டுத் தேடுங்கள். பொய்ப் பெயரில் சேர்ந்தவர்களும் உண்டு.

பழைய ஏடு:
டி.என்.ஏ. சோதனை பற்றி யாராவது சொல்வதற்கு முன்: அவர் உங்களுக்கு ஆறு தலைமுறை மேலே. சராசரியாக 64-ல் ஒரு பங்குதான் உங்களிடம் வந்திருக்கும். ஒய் சோதனை அப்பாவிலிருந்து மகனுக்கு வரும் வழியை மட்டுமே காட்டும், நடுவில் பெண்வழி இருப்பதால் அது பயன்படாது. செய்வதாக இருந்தால் அம்மாவுக்குச் செய்யுங்கள், பங்கு இரட்டிப்பு. அதுவும் திருமணப் பதிவு கிடைத்து, ஊர் பெயர் தெரிந்த பிறகு.